காலாவதியான பாடத்தில் ஒரு பெயர்

எங்கள் பயிற்சி நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் எனக்கு முதன்முதலில் அந்தத் திரையைக் காட்டிய காலை நன்றாக நினைவிருக்கிறது. இடது பக்கம் ஆசிரியர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் குறி போட்டால் அந்த ஆசிரியர் தன் பாடத்தைத் திருத்தலாம். இரண்டாவதில் போட்டால் பார்க்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம், திருத்த முடியாது. மூன்றாவதில் போட்டால் அந்தப் பாடம் அவருக்கு இல்லை. "பாடம் முடிஞ்சி காலாவதி ஆச்சின்னா மூணாவது கட்டம். அவ்ளோதாம்மா வேலை. யோசிக்கிற வேலையே கெடையாது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றிருந்த இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தார். யோசிக்காத ஆளாகப் பார்த்துத்தான் பிடித்து வந்திருக்கிறேன் என்று அந்தச் சிரிப்பு சொன்னது. நானும் தலையாட்டினேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். தட்டச்சு தெரியும். செவிலிமேட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, ஏனாத்தூர் போகும் வழியில் இருந்த அந்த நிலையத்தில் பதிவேடு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொரோனா வந்து வகுப்புகள் எல்லாம் இணையத்துக்கு மாறியபோது, போர்ட்டல் என்று எல்லோரும் சொன்ன பாடத் தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. படித்தவர்கள் அதைச் செய்தால் கேள்வி கேட்பார்கள். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. பேசினாலும் என் குரல் எனக்கே கேட்காது. அது அவருக்கு வசதியாக இருந்தது. பேசாத பெண்ணுக்குக் கண்ணும் தெரியாது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

அவரை 'அவர்' என்றுதான் இங்கே எழுதுகிறேன். அந்த மரியாதை அவருக்கு உரியது அல்ல. என் அம்மா என்னை வளர்த்த விதத்துக்கு உரியது. நான் அங்கே இருந்த இத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு பாடம் எடுத்து நான் பார்த்ததில்லை. பாடம் எடுப்பவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து, பாடம் எப்படி எடுக்க வேண்டும் என்று பேசியதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் அவர் கையெழுத்துப் பெரிதாகவும், பாடம் சொன்னவரின் கையெழுத்து எறும்பு போலவும் இருக்கும். வாசலில் கட்டும் பிளெக்ஸில் அவர் படம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இளமையாகிக்கொண்டே வந்தது. 'காலாவதி' என்ற சொல்லில் அவருக்கு ஒரு ருசி. மருந்துக் கடைக்காரர்கூட அதை அவ்வளவு ஆசையோடு சொல்ல மாட்டார். முடிந்துபோன பாடங்களைப் பூட்டி வைப்பதற்கு நியாயமான காரணமும் இருந்தது. முன்பு ஓர் ஆசிரியர் பழைய பாடத்துக்குள் புகுந்து, தேர்வு முடிந்த பிறகு விடைகளை மாற்றி வைத்துவிட்டார். அதைத் தடுக்கத் திருத்தும் அனுமதியை எடுத்தால் போதும். பார்க்கும் அனுமதியை எடுக்க வேண்டியதில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அவருக்குக் கடைசி வரை புரியவில்லை, அல்லது நன்றாகவே புரிந்திருந்தது.

ஆசிரியர்கள் பழைய பாடத்தைக் கேட்டு வருவார்கள். போன வருடத்துப் பிள்ளை ஒருவன் சந்தேகம் கேட்கிறான், பார்த்துச் சொல்ல வேண்டும் என்பார் ஒருவர். புதிய பாடம் தயாரிக்கப் பழையதிலிருந்து இரண்டு படம் வேண்டும் என்பார் இன்னொருவர். ஒருங்கிணைப்பாளர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "எதுக்குங்க? காலாவதி ஆயிடிச்சே," என்பார். அவர்கள் கெஞ்ச வேண்டும். கெஞ்சி முடித்த பிறகு, "சரி, அந்தம்மாகிட்ட சொல்றேன். ரெண்டு நாள் தொறந்து வுடுவாங்க," என்பார். தன் வீட்டு அரிசியை அளந்து போடுகிறவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அது அந்த ஆசிரியரே விளைவித்த அரிசி.

அவரிடம் இப்படிக் குழையாமல் நேராகப் பேசியவள் டிசைன் டீச்சர் ஒருத்திதான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டு மருமகள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சேலையின் கரைக்கும் முந்திக்கும் கணினியில் கட்டம் கட்டமாக உரு வரைந்து, தறிக்கு மேலே தொங்கும் துளை அட்டைகளை அடிக்கக் கொடுப்பது அவள் வேலை. அதையே எங்கள் போர்ட்டலில் இருபத்திரண்டு பாடங்களாகச் சொல்லிக் கொடுத்தாள். அவள் வீட்டில் மூன்று தறிகள் ஓடும். அதனால் மத்தியானம் எல்லோரும் சாப்பிட எழுந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் பதிவு செய்வாள். பாடம் கொஞ்சம் நீண்டுவிட்டால், கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சத்தமும் பாடத்தில் ஏறிவிடும். ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இன்னாம்மா இது, பாடமா பட்டறையா?" என்று கேட்டார். அவள், "சேலை டிசைன் பாடத்துல தறி சத்தம் வராம ஏரோப்ளேன் சத்தமா சார் வரும்?" என்றாள். நான் குனிந்துகொண்டேன். அன்று மாலை பஸ்ஸில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்ததில், பக்கத்தில் இருந்தவர் வேறு இருக்கைக்கு மாறிவிட்டார்.

பாடம் நடக்கும் காலத்தில் ஆசிரியர்கள் அதன் படியைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, வெளியே கசிந்துவிடும், எல்லாம் போர்ட்டலில் பத்திரமாக இருக்கும் என்று அவர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். பல பேர் அதைப் படித்துவிட்டு மறந்தார்கள். டிசைன் டீச்சர் சொன்னதைச் செய்கிறவள். அவள் லேப்டாப்பிலும் இடம் நிறைந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டாள்.

ஒரு வருடம் புரட்டாசியில் அவளுடைய பாடம் காலாவதியாகிறது என்று கடிதம் போனது. பதினைந்து நாள் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அதன் பிறகு மூடப்படும். புதிதாக மேம்படுத்திய பாடம் வரப்போகிறது, ஆசிரியரைப் பிறகு முடிவு செய்வோம் என்றும் அதில் இருந்தது. அவள் அதற்காக அழவில்லை. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நிரந்தர வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் போக வேண்டும். அவளிடம் பெரிய பட்டம் இல்லை. ஒரு பட்டயம் மட்டும்தான். "நீங்க நடத்தின பாடத்தை எடுத்துட்டு வாங்க. ஒரு சேலையை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எப்பிடி சொல்லிக் குடுத்திருக்கீங்கன்னு பார்க்கணும்," என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு முழுச் சேலையைச் சொல்லிக் கொடுத்தது அவளுடைய கடைசி நான்கு பாடங்களில். அந்த நான்கும் இல்லாமல் அவள் அங்கே போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான்.

அவர்கள் தெருவில் இணையம் ஊர்ந்துதான் வரும். ஒரு பாடம் இறங்கக் கால் மணி நேரம் ஆகும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தீபாவளிச் சேலைகளுக்கு உரு வரையும் வேலை வேறு தலைக்கு மேல் இருந்தது. முதல் பாடத்திலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு வந்தவள், பதினெட்டு எடுத்து முடித்திருந்தாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இன்னும் நாலு இருக்குது. நாளைக்கோட டைம் முடியுதுன்னு போட்டுக்கிது. ஆனா இப்பவே மாமனார் லேப்டாப்பைத் தொடைச்சி தறி நாடா, அட்டையோட பூஜைல வெச்சிட்டாரு. பொட்டு கூட வெச்சாச்சி. நாளான்னிக்கி காத்தாலதான் எடுக்கணும். பரவால்லியா?"

நான் யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கம்மா. பூஜை அன்னிக்கி இங்க யாரு வந்து மூடப் போறாங்க? நான் வந்தாதான் மூடணும்," என்றேன்.

இந்த ஊரில் வளர்ந்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அன்றைக்குத் தறி ஓடாது, தராசு ஆடாது, ஆட்டோவும் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும் வரை தொடக் கூடாது. காலாவதியான பாடத்தை என் கையால்தான் மூடுவேன், அதையும் அடுத்த வேலை நாளில்தான் செய்வேன். அதுவே எங்கள் வழக்கமாக இருந்தது. தவிர, அன்று மதியம்தான் ஒருங்கிணைப்பாளரே அலுவலகக் கணினித் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, "நாளைக்கி யாரும் இத்த தொடாதீங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் அந்த மாதம் எனக்குச் சொல்லாமல் போர்ட்டலில் ஒரு தேதியைப் போட்டு, அதுவே தானாக மூடிக்கொள்ளும்படி மாற்றி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பதினைந்து நாளை விரல் விட்டு எண்ணியவர், அது எந்த நாளில் போய் விழுகிறது என்று நாள்காட்டியைப் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் நான் பஸ்ஸில் இருக்கும்போதே அவள் போன் வந்தது. "அக்கா, உள்ள வுட மாட்டேங்குது. காலாவதின்னு செவப்பா வருது." அவள் குரலில் என் மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நிலையத்தில் புதிய வகுப்புத் தொடக்க விழா. அவர் பட்டு வேட்டி கட்டி, அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு, குத்துவிளக்கு ஏற்றும் நல்ல நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். என் வாயிலிருந்து பாதிதான் வந்தது. அதற்குள் அவளே அவருக்குப் போன் செய்துவிட்டாள். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டார். சுற்றி நின்ற நாலு பேரும் கேட்க வேண்டும் அல்லவா.

"சார், பூஜைல வெச்சிருந்தோம் சார். தொடக் கூடாதுன்னுட்டு..."

"கம்ப்யூட்டருக்குப் பூஜையெல்லாம் தெரியாதும்மா. டேட்டு முடிஞ்சா முடிஞ்சிச்சி. படிச்ச பொண்ணு இப்பிடி பேசலாமா?"

"நாலே பாடம் சார். ஒரு மணி நேரம் தொறந்து வுட்டா போதும். நாளைக்கி இன்டர்வியூ."

"உனக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும். ரூல்னா ரூல்தாம்மா."

போனை வைத்துவிட்டு, "தறி வூட்டு ஆளுங்களுக்கு எல்லாத்துக்கும் நாள் பார்க்கணும்," என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பின்னால், அவர் கையாலேயே வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து அந்தத் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நல்ல நேரத்துக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அந்த எட்டு நிமிடமும் அவர் விளக்கைத் தொடாமல் காத்திருந்தார்.

விளக்கேற்றியதும், கூடத்தின் பெரிய திரையில் புதிய பாடத்தைத் திறந்து காட்டச் சொன்னார். மேடைக்கு ஓரத்தில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து திறந்தேன். 'மேம்படுத்திய சேலை வடிவமைப்புப் பயிற்சி'. ஆசிரியர் என்ற இடத்தில் அவருடைய பெயர். உள்ளே அதே இருபத்திரண்டு பாடங்கள். தொடக்கத்தில் அவள் பெயர் வரும் துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அதுதான் மேம்பாடு. ரூல் ஏன் அவ்வளவு கெட்டியாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளிடம் அந்த நான்கும் போய்ச் சேர்ந்து பாடம் முழுமையாகிவிட்டால், இது யாருடையது என்று ஒருநாள் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். திருடினாலும் பாதியையாவது தானே செய்து சேர்த்திருக்கலாம். அதற்கும் சோம்பல்.

முதல் பாடம் ஓடத் தொடங்கியது. திரையில் கட்டங்கள், அம்புக்குறி, பின்னால் அவள் குரல். மூன்றாவது வரிசையில், மகளைச் சேர்க்க வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "ஏ, இது நம்ம தெரு மருமவ கொரலு இல்ல?" என்றாள்.

"அதான் நானும் பார்க்கறேன். இவரு பேர போட்டுக்கினு பொம்பள கொரலா வருது," என்றாள் மற்றவள்.

"சளி புடிச்சிருக்கும்."

மூன்று வரிசை சிரித்தது. அவர், "அது டப்பிங்மா. எல்லா எடத்துலயும் அப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு, நிறுத்தும்படி எனக்குக் கையைக் காட்டினார். நிறுத்தினேன். சிரிப்பை மூடுவதற்காக மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார்.

அவர் பேச ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பழைய பாடத்தின் பக்கத்துக்குப் போனேன். அவள் பெயருக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டு இரண்டாவதில் போட்டேன். என் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. அது தெரிந்தேதான் அழுத்தினேன். 'இப்ப எடு' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

மேடையில் அவர் தான் ஏழையாகப் பிறந்ததிலிருந்து தொடங்கினார். அவர் பள்ளிக்கூடத்தை எட்டியபோது 'ஒன்னு வந்துடிச்சி' என்று செய்தி வந்தது. உழைப்பு என்பதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாவது. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்று தன் தகப்பனார் சொன்னதை அவர் சொன்ன இடத்தில், மூன்றாவது பாடம் நடுவில் அறுந்து திரும்ப முதலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் நெளிந்தார்கள், குழந்தைகள் சுண்டலைக் கேட்டு அழுதன. அந்த மனிதருடைய பேச்சு இன்னும் நீள வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அவரும் என்னைக் கைவிடவில்லை. நன்றி சொல்லி முடித்துவிட்டு, மறந்துபோன ஒன்று என்று மறுபடி மைக்கை வாங்கினார். 'நாலும் எறங்கிடிச்சிக்கா. மாமனார் உங்களுக்கு சுண்டல் குடுத்து வுடறாராம்' என்ற செய்தி வந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து, யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்ற பட்டியலில் என் பெயரையும் நேரத்தையும் பார்த்துவிட்டார். "யாரைக் கேட்டு குடுத்த?" என்றார். எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் எழுதினேன்: 'விஜயதசமி அன்று காலை, அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியருக்குப் பார்க்கும் அனுமதி கொடுத்தேன். புதிய பாடத்தில் இருப்பதும் அவர் நடத்திய பாடமே.' படித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது வரி வாணாம்மா. மொத வரில 'தவறுதலாக'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடு. முடிச்சிடலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தவறுதலா குடுக்கல சார்," என்றேன். அந்த அறையில் என் குரல் எனக்குக் கேட்டது.

அவர் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் அந்தக் கடிதத்தை நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் இரண்டாவது வரியும் கூடவே போகும். கடிதத்தை மடித்து மேசை அறைக்குள் போட்டார். என்னைச் சில மாதம் சேர்க்கைக் கவுண்டரில் உட்கார வைத்தார். போர்ட்டல் வேலையை வேறு யாரும் சரியாகச் செய்யாததால் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அவள் பெயரை மூன்றாவது கட்டத்துக்கு மாற்றச் சொல்லி அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தானே போய் மாற்றவும் இல்லை. மாற்றினால் பட்டியலில் தன் பெயர் ஏறும் என்ற பயம். இவ்வளவு சிறிய பயத்தோடு இவ்வளவு பெரிய நாற்காலியில் ஒருவர் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்க முடிந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

அவளுக்கு அந்தக் கல்லூரியில் வேலை கிடைத்தது. இவருடைய மேம்படுத்திய பாடம் ஒரே ஒரு தடவை ஓடியது. பிள்ளைகள் கேள்விப் பகுதியில், கரையில் இழை கூடினால் அட்டையை எப்படி மாற்றுவது என்று கேட்பார்கள். இவர் அதன் கீழே 'நல்ல கேள்வி' என்று எழுதுவார். எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில். பிறகு அதுவும் காலாவதியாயிற்று. போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள். கல்வியைத் தன் பிள்ளை போலக் காத்தவர் என்று ஒருவர் பேசினார். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால் நானும் கைதட்டினேன்.

புதிதாக வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் வயதில் சின்னவர். அதிகம் பேசுவதில்லை. சென்ற மாதம் பழைய பாடங்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இன்னாக்கா, இது காலாவதி ஆயி ரொம்ப நாள் ஆவுது. இதுல இன்னும் ஒருத்தவங்க பேரு பார்க்கற அனுமதியில இருக்குதே. யாரு இவங்க?"

"பாடம் எடுத்தவங்க சார்," என்றேன்.

"அப்ப இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார்.